பதினாறாவது பங்கு

முதல் பத்திரம் பதிவான அன்றைக்கு, சார்பதிவாளர் முத்திரையை மையில் ஒற்றிக் காகிதத்தில் இறக்கிய அதே நொடியில், வீட்டை வாங்கியவரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆவுடைநாயகத்தின் இடது உள்ளங்கை, சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தானாகப் பிளந்து, ரத்தம் மேசையில் வழிந்து பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தை நனைத்தது. அலுவலகத்தில் யாரும் அலறவில்லை. ரத்தம் பட்ட பக்கத்தை ஸ்கேன் செய்ய முடியாது, வேறு தாள் கொண்டுவாருங்கள் என்று எழுத்தர் கடிந்துகொண்டார். வாத்தியார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்பது மாதிரி மன்னிப்புக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் செருப்பில் ரத்தம் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பத்திரம் எழுதிய உலகம்மை மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்ட வருகிற அரிவாளைக் கை தூக்கித் தடுக்கிறவனுக்கு விழுகிற வெட்டு அது. யாருடைய வெட்டு என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆலங்கிணறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள் உலகம்மை. அவள் எழுதிய பத்திரத்தில் வழக்கு வராது என்று பெயர். புருஷன் போன பிறகு அந்தப் பேனாவை வைத்துத்தான் மகள் வடிவை வளர்த்து, நர்ஸ் படிப்புப் படிக்க வைத்து, கல்யாணத்துக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும், அவள் காட்டிய இடத்தில் விரல் வைப்பதும் அந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. கண்ணாடியை மறந்துவிட்டேன், நீயே பார்த்துக்கொள் தாயி என்று சொல்லிவிட்டு ஆயுசு முழுக்கச் சேர்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவளும் ஒவ்வொரு பத்திரத்தின் முடிவிலும், அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அவருக்கு முந்தியவரும் எழுதியபடியே, மேற்படி இடத்தின் மேலும் கீழும் உள்ள நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்ளிட்ட சகல பாத்தியங்களும் சேர்த்து விற்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுவாள். நிட்சேபம் என்றால் மண்ணுக்குள் புதைத்து வைத்தது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை, எழுதுகிற கைகூடப் படிப்பதில்லை. நிலம் படித்திருக்கிறது.

வாத்தியார் வீடு வாங்கிய அந்த நிலம் கொம்பையாவுடையது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபத்தெட்டு சென்ட், நடுவில் ஒரு கிணறு, மோட்டார், நாலு பாத்தி கீரை. சுற்றிலும் கடைகளும் லாட்ஜுகளும் எழும்பி நெருக்கிய பிறகும், கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அதைக் கேட்டுவந்தவர் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி. பெயரில் மட்டும்தான் பரமார்த்தம். அவருடைய தொழிலின் சாமர்த்தியம் என்னவென்றால், எதையும் தன் பேரில் வாங்காமலே எல்லாவற்றையும் ஆள்வது. நிலக்காரனிடம் பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், வாங்கிக்கொள்வார். அந்தப் பவரை வைத்து நிலத்தைப் பிரிக்கப்படாத பங்குகளாக வீடு வாங்குகிறவர்களுக்கு நேரே எழுதிக் கொடுப்பார். கட்டுவது அவர், விற்பது அவர், லாபம் அவருக்கு, ஆனால் ஒரு நாளும் அவர் சொந்தக்காரர் இல்லை. வரி வந்தாலும், வழக்கு வந்தாலும், வாரிசு வந்தாலும், அவர் கைகாட்டுகிற திசையில் வேறு யாராவது நிற்பார்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் விரல் வைப்பதற்கு முன்னால், "தங்கச்சி, எம்பேர்ல ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்பார். ஒரு அங்குலம்கூட இல்லை அண்ணாச்சி என்பாள் உலகம்மை.

கொம்பையா பவர் கொடுக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, பம்புசெட்டுக்குக் கீழே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனை, பைக்கில் வந்த இரண்டு பேர் வெட்டினார்கள். சாப்பாட்டுத் தூக்குடன் வந்த அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் பார்த்தது ஓடிக்கொண்டிருந்த மோட்டாரையும், கீரைப் பாத்திக்குச் சிவப்பாகப் பாய்ந்த தண்ணீரையும்தான், ஆள் இல்லை. பதினொரு மணிக்குக் கொம்பையாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ ஒருவன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து பரமார்த்தலிங்கத்துக்குப் பவர் எழுதிக் கொடுத்தான். உலகம்மைக்குக் கொம்பையாவைப் பத்து வருஷமாகத் தெரியும். வந்தவன் கொம்பையா இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. சட்டைக் காலரில் ஈரமாக இருந்ததும் தெரிந்தது. பதினாறு வீட்டில் ஒரு வீடு உனக்குத்தான் தங்கச்சி, வடிவு கல்யாணத்துக்கு என்று அண்ணாச்சி முந்தின நாளே சொல்லியிருந்தார். அவள் பேனா நிற்கவில்லை. மத்தியானமே அந்தப் பவரைக் காட்டி ஜேசிபியைக் கொண்டுவந்து கிணற்றை மூடினார்கள். பேச்சித்தாய் போலீசுக்குப் போனபோது, காலையில் செத்தவன் பதினொரு மணிக்கு எப்படியம்மா கையெழுத்துப் போடுவான், உன் புருஷன் உன்னை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நிலக்காரன் செத்தால் பவரும் செத்துப்போகும் என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு பங்கும் விற்கிறபோது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு டாக்டர் சான்று தர வேண்டும். அதற்கும் ஒரு டாக்டர் இருந்தார். கொம்பையாவை நேரில் பரிசோதித்தேன், சுகமாக இருக்கிறார் என்று உலகம்மை டைப் அடித்து நீட்டுவாள். அவர் பார்க்காமல் சீல் வைப்பார். அப்படிக் காகிதத்தில் உயிரோடு இருந்த ஒரு மனிதனை, மேலும் கீழும் உள்ள சகலத்தோடும் சேர்த்து, அவர்கள் பங்கு போட்டு விற்கத் தொடங்கினார்கள். வாத்தியாருக்கு இடது உள்ளங்கை போயிற்று. இரண்டாவதாக வாங்கிய மருந்துக்கடைக்காரருக்கு வலது முழங்கை. மூன்றாவதாக வாங்கிய பேருந்து நடத்துநர், சட்டைக்குள் ஏதோ சூடாக ஓடுகிறதே என்று தடவிப் பார்த்தபோது, தோளிலிருந்து விலா வரை முதுகு திறந்திருந்தது.

ஆலங்கிணறு எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்கிற ஊர். காயத்தைத் தைத்தால் மறுநாள் தையல் பிரிந்தது, மருந்து போட்டால் மருந்தைக் கக்கியது, ஆனால் யாரும் சாகவில்லை, சீழ் பிடிக்கவில்லை, சொந்தக்காரனாக இருக்கிற வரை திறந்தே இருந்தது, அவ்வளவுதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நல்ல தண்ணீரோடு, இந்த விலைக்குச் சொந்த வீடு வேறெங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் யோசித்தார்கள். இது முதுகுப் பங்கு சார், சட்டை போட்டால் வெளியே தெரியாது என்று தரகர்கள் சொல்லி விற்றார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய வெட்டு, சின்ன வீட்டுக்குச் சின்ன வெட்டு என்பது நாலாவது பதிவிலேயே புரிந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் வாங்கினால் வெட்டும் பாதிப் பாதியாகப் பிரியும் என்பதை மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தார். ஐந்து பிள்ளைகள் பேரில் எழுதி வைத்த ஒரு புண்ணியவான் ஆளுக்கொரு கீறலோடு முடித்துக்கொண்டார். விற்றால் வெட்டு வாங்கியவனுக்குப் போய்விடும். அப்படித் தொடையில் இருந்ததைச் சொந்த மச்சினனுக்கு விற்றுவிட்டு நொண்டாமல் நடந்து போனவனும் உண்டு. அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. வங்கி வக்கீல்கள் வில்லங்கத்துக்குக் கீழே காயம் என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். படிக்கட்டில் சிந்துகிற ரத்தத்தை அவரவர் வீட்டாரே துடைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் பலகை வைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்குக் காயம் இல்லை என்பதால், அவர்கள் மட்டும் கைவீசிக்கொண்டு நடந்தார்கள்.

கட்டடம் எழும்பி முடிவதற்குள் பேச்சித்தாய் வரத் தொடங்கினாள். முதலில் ஆவுடைநாயகம் வாத்தியார் வீட்டுக்கு வந்து, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டாள். வாத்தியார் துணியை அவிழ்த்தார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, வெட்டு ஓடிய வழியில் விரல் படாமல் விரலை ஓட்டிவிட்டு, இடுப்பில் வைத்திருந்த கிண்ணத்திலிருந்து மஞ்சள் காய்ச்சிய வேப்பெண்ணெயைக் கோழி இறகால் தொட்டுத் தடவினாள். மூன்று மாசமாகத் தூங்காத வாத்தியார் அன்றைக்குத் தூங்கினார். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு பங்கு பதிவாகும்போதும் அவளுடைய புருஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ஒரு வீட்டில் அவன் தோள், ஒரு வீட்டில் அவன் தொடை, மூன்றாம் மாடியில் கல்யாணமாகாத ஒரு பெண்ணின் வயிற்றில் அவன் வயிறு. பதினைந்தாவது பங்கு கணுக்காலில் விழுந்தபோது அவள் எண்ணெய் போட்டு முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பதினஞ்சும் ஆளக் கொல்லுத வெட்டு இல்லய்யா," என்றாள். "அவுக கழுத்து எங்க?"

அது ஊர் முழுக்கப் பரவியது. பதினாறாவது வீட்டை, கிழக்குப் பார்த்த வீட்டை, கடல்காற்று வருகிற வீட்டை, பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கோ அவசரம். பேச்சித்தாய் கலெக்டரிடம் மனுப் போட்டிருந்தாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தால் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தாள். கடைசிப் பங்கும் கைமாறிவிட்டால் கொம்பையா பேரில் எதுவும் இராது, அவன் இருக்கிறானா இல்லையா என்று கேட்க எந்த ஆபீசுக்கும் தேவை இருக்காது. அவர் ஒரு காலைப்பொழுதில் கொட்டகைக்கு வந்து, நாற்காலியைத் தூசி தட்டி உட்கார்ந்து, வைகாசியில் வடிவுக்குக் குறித்த கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு யாரைப் பிடித்திருக்கிறாய் என்று விசாரித்துவிட்டு, சொன்ன சொல் தவற மாட்டேன், உனக்குச் சொன்ன வீட்டை வடிவு பேரில் எழுது என்றார்.

உலகம்மை பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கு வீடு வேண்டாம் அண்ணாச்சி, விட்டுவிடுங்கள் என்றாள். என் பேரிலாவது எழுதுகிறேன் என்று கெஞ்சினாள். நீ செத்துப்போனால் எனக்குப் பத்திரம் யார் எழுதுவது என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"வடிவு பேர்ல எழுதுனா பேப்பர்ல வர்ற வெட்டு. எழுதலன்னா பயலுவ பேப்பர் இல்லாமலே வந்து வெட்டுவானுவ. ரெண்டும் ஒரே கழுத்துதான் தங்கச்சி. வெள்ளிக்கிழமை பதிவு."

அன்று மாலை அவள் பதினைந்து வீட்டுக்காரர்களையும் மொட்டை மாடியில் கூட்டி, கடைசிப் பங்கையும் நீங்களே பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு கீறல்தான் விழும், என் பிள்ளை பிழைப்பாள் என்று கும்பிட்டுக் கேட்டாள். கட்டுப்போட்ட கைகளும் கால்களுமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்கு வெட்டை நாங்கள் வாங்கியாயிற்று என்றார் நடத்துநர். கழுத்தில் கீறல் என்றால் வெளியே தெரியுமே என்றாள் ஒருத்தி. மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் இருந்த ஒரு சந்தேகத்தை மெதுவாகக் கேட்டார்: அன்றைக்குப் பவர் எழுதியபோது வந்த ஆளை உனக்கு அடையாளம் தெரியவில்லையா அம்மா? உலகம்மை கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள். ஒவ்வொருவராக மாடியிலிருந்து இறங்கிப் போனார்கள். வாத்தியார் மட்டும் போகும்போது, எனக்கு இரண்டு கை இருக்கிறது, ஒரு கீறல் தாங்குவேன், ஆனால் நான் ஒருத்தன் வாங்கி என்ன ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்கு வந்து பத்திரம் எழுத உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒவ்வொரு வரியையும் படித்துப் படித்து எழுதினாள். பங்கு பிரிக்க வேண்டிய இடம் வந்தபோது பேனாவை நிறுத்தி, அந்தப் புதன்கிழமைக் காலையை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று யோசித்தாள். ஈரக் காலர் ஞாபகம் வந்தது. அதற்குரியதைத் தனக்கு எழுதிக்கொண்டாள். பயமாக இருந்தது; ஆனால் எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள், அலுவலகத்தில் கூட்டம். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், காதில் போனோடு வந்தார். வராந்தா பெஞ்சில் வடிவு தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். என்ன நடந்தாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்காதே என்று உலகம்மை மகளிடம் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி போனை மறைத்துக்கொண்டு, வழக்கப்படி கேட்டார்.

"எம்பேர்ல ஒண்ணும் இல்லல்லா?"

"ஒரு அங்குலம்கூட இல்ல அண்ணாச்சி," என்றாள் உலகம்மை. பதினைந்து தடவை உண்மையாக இருந்த வார்த்தை.

பவர் ஏஜெண்ட் விரல் வையுங்கள் என்றார்கள், அவள் காட்டிய இடத்தில் வைத்தார். வாங்குகிறவர் விரல் வையுங்கள் என்றார்கள், அவள் காட்டிய இடத்தில் அதையும் வைத்தார். போனில் யாரையோ ஜல்லி லோடு விஷயமாகத் திட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்தார். பக்கத்திலேயே தன் விரலையும் வைத்தாள் உலகம்மை. சார்பதிவாளர் பத்திரத்தை எடுத்துப் பெயர்களை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார்: இந்தக் கடைசிப் பங்கில் பதினாறில் பதினைந்து பாகம் பரமார்த்தலிங்கம், பதினாறில் ஒரு பாகம் உலகம்மை. படித்தவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பதினைந்து உயிர்ச் சான்றையும் கேள்வி கேட்காமல் ஏற்று, பதினைந்து பத்திரத்துக்கும் முத்திரை வைத்த மனுஷர் அவர். முத்திரையை எடுத்தார், மையில் ஒற்றினார், இறக்கினார்.

அண்ணாச்சியின் கழுத்து வலது காதுக்குக் கீழே தொடங்கி இடது காதுக்கு இரண்டு விரற்கடை பாக்கி இருக்கும்வரை திறந்தது. ரத்தம் கேமராவில் அடித்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடித்தது, சார்பதிவாளரின் கண்ணாடியில் அடித்தது. போன் இன்னும் கையில் இருந்தது. அதிலிருந்து யாரோ அலோ அண்ணாச்சி, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது காற்று வேறு வழியாகப் போயிற்று. எழுந்து நின்றார், தலை பின்னால் சாய்ந்து முதுகைப் பார்த்தது, பத்திரக் கட்டுகளின் மேல் மல்லாந்து விழுந்து, காலால் மேசையை இரண்டு முறை உதைத்து அடங்கினார். பாக்கி இருந்த இரண்டு விரற்கடை உலகம்மையின் இடது காதுக்குக் கீழே விழுந்திருந்தது. அவள் முந்தானையை அதில் அமுக்கிக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வராந்தாவில் வடிவு பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவள் கழுத்தில் ஒன்றுமில்லை. வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இனி இன்றைக்குப் பதிவு உண்டா என்று ஒருவர் கேட்டார்.

அதே நேரத்தில் பதினைந்து வீடுகளிலும் காயங்கள் மூடிக்கொண்டன. வாத்தியார் கட்டை அவிழ்த்தார். உள்ளங்கை ரேகையெல்லாம் பழையபடி இருந்தது. காயம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள், பிறகு யாரும் சொல்லாமலே கடப்பாரைகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, லிஃப்ட் நிற்கிற இடத்தில் தரையை உடைத்து, மூடிய கிணற்றை இரண்டு நாள் தோண்டினார்கள். கொம்பையா அங்கே இருந்தான். பேச்சித்தாய் எலும்புகளைத் தன் கையாலேயே வரிசையாக எடுத்து வைத்தாள். எது எந்த வீட்டில் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் தாலியைக் கழற்றினாள். மூன்று வருஷமாகக் காகிதம் அவளை அதைக் கழற்றவிடவில்லை.

உலகம்மைக்கு மட்டும் காயம் மூடவில்லை. நாலு நாள் கழித்து வந்த செவ்வாய்க்கிழமை, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சித்தாய் வந்து எதிரே நின்றாள். இடுப்பில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. புருஷனின் இறப்பைப் பதிய மனு எழுத வேண்டும் என்றாள். உலகம்மை எழுதினாள். இறந்த தேதி என்ற இடத்தில் அந்தப் புதன்கிழமையை எழுதி, நேரம் காலை எட்டு மணி என்று போட்டாள், அவள் காட்டிய இடத்தில் பேச்சித்தாய் கைநாட்டு வைத்தாள். பிறகு உலகம்மை எதுவும் கேட்காமல், கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். ராப்பகலாக எரிந்த எரிச்சலில் அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பேச்சித்தாய் கோழி இறகை எண்ணெயில் தொட்டுக் கொண்டுவந்தவள், வெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, இறகைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டாள்.

"இது அவுக வெட்டு இல்ல," என்றாள். "இது ஒன்னோடது."

கிண்ணத்தை மூடிக்கொண்டு, மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனாள். அந்தப் பங்கை யாருக்காவது விற்றுத் தொலையேன், வெட்டு போய்விடுமே என்று வடிவு அழுதாள், தரகர்களும் ஆள் கொண்டுவந்தார்கள். உலகம்மை விற்கவில்லை. துணியை மறுபடி சுற்றிக்கொண்டு, வரிசையில் முதலாவதாக நின்றவரின் பத்திரத்தை வாங்கினாள். கண்ணாடியை மறந்துவிட்டேன் தாயி, நீயே பார்த்துக்கொள் என்றார் அவர். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து வாருங்கள், வரும்போது நிலத்துக்காரரையும் கூட்டி வாருங்கள், நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் உலகம்மை.